பழைய விமானம் வாங்கலாமா?

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அம்பத்தூரிலிருந்து நம் பழைய சிநேகிதர் ஒருவர் வந்து சேர்ந்தார். கூடவே தம் சகோதரியின் புதல்வரையும் அழைத்து வந்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "இவனுக்கு நீங்கள்தான் புத்தி சொல்ல வேண்டும். ஆகாய விமானம் வாங்கப் போகிறானாம்!" என்றார்.

ஏதோ விமான டிக்கெட்டைப் பற்றிய விஷயமாக்கும் என்று நாம் நினைத்தோம்.

"டிக்கெட் அல்ல, ஐயா, விமானத்தையே வாங்கப் போகிறான்! அதுவும் பழைய விமானம். அதிலும் ஒரே ஒரு எஞ்சின்!" என்று நண்பர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் குரலை ஒரு படி உயர்த்தினார்.

அந்த இளைஞர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் பட்டறை நடத்துகிறவர். இரும்பையும் எண்ணெயையும் அறிந்த கைகள். முறைப்படி பயிற்சி பெற்று, விமானம் ஓட்டும் லைசென்சும் வாங்கியிருக்கிறார். வடக்கே ஓர் ஊரில், 1970-களில் செய்யப்பட்ட 'ஸெஸ்னா 172' ரக விமானம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. நாலு பேர் உட்காரலாம். தகப்பனார் விட்டுப்போன பூந்தமல்லி மனையை விற்று அதை வாங்கிவிடுவது என்று யோசனை. மனைவியையும் ஆறு வயதுப் பெண் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு திருச்சிக்கும் மதுரைக்கும் பறப்பது என்று ஆசை.

மனை போனால் திரும்பாது. அதைவிட முக்கியமானது, அந்த மூன்று பேரும் திரும்பி வரவேண்டும் என்பது. ஆகையால் இந்த விஷயத்தைக் கொஞ்சம் விசாரித்துப் பார்ப்பது என்று நாம் தீர்மானித்தோம்.

முதலில், இது பைத்தியக்காரத்தனமா என்ற கேள்வி. அப்படியானால் அந்தப் பைத்தியம் நம் சென்னைக்குப் புதிதல்ல. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய தாஞ்செலிஸ் என்பவர், 1910-ஆம் வருஷத்திலேயே தாமாகத் திட்டம் போட்டு, சிம்ப்ஸன் கம்பெனியாரைக் கொண்டு ஒரு விமானம் கட்டுவித்தார். பல்லாவரத்தில் பரீட்சை பார்த்துவிட்டு, தீவுத்திடலில் ஜனங்களுக்குப் பறந்தும் காட்டினார். பிளேரியோ இங்கிலீஷ் கால்வாயைத் தாண்டி ஒரு வருஷங்கூட ஆகாத காலம் அது.

1932-ஆம் வருஷம் அக்டோபர் 15-ந் தேதி ஜே. ஆர். டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டைகளைக் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்ஸென்ட் அவற்றைப் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு வந்து சேர்த்தார். இந்தியாவின் விமானப் போக்குவரத்துக்கு விதை போட்ட அந்தப் பிரயாணமும் 'பஸ் மாத்' என்னும் ஒற்றை எஞ்சின் விமானத்தில்தான் நடந்தது. ஐம்பது வருஷம் கழித்து, 1982-ல், டாடா தம்முடைய எழுபத்தெட்டாவது வயதில் மறுபடியும் ஒரு ஒற்றை எஞ்சின் விமானத்திலேயே அந்த வழியைப் பறந்து காட்டினார்.

ஆகவே, ஒற்றை எஞ்சின் என்பதற்காக மட்டும் நம் நண்பர் கதிகலங்க வேண்டியதில்லை.

"அந்த ஒரு எஞ்சினும் நின்றுவிட்டால்?" என்று நண்பர் விடாமல் கேட்டார்.

கல்லைப்போல் விமானம் கீழே விழும் என்றுதான் நம்மில் அநேகர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது தவறு. விமானத்தை ஆகாயத்தில் தாங்குவது இறக்கைதான். எஞ்சின் நின்றால் அது பருந்தைப்போல் சறுக்கிக்கொண்டு இறங்கும். மேற்படி ஸெஸ்னா ரகம் ஓர் அடி கீழே இறங்குவதற்குள் சுமார் ஒன்பது அடி முன்னே போகும். காற்று அதிகமில்லாத நாளில், பூந்தமல்லிக்கு மேலே மூவாயிரம் அடி உயரத்தில் எஞ்சின் நின்றால் ஏறக்குறைய ஐந்து மைல் சறுக்கலாம். அதாவது ஆவடி வரையில் போகலாம். அம்பத்தூர் எட்டாது.

ஆனால் ஆவடி வரையில் போய் எங்கே இறங்குவது? இதுதான் கேள்வி. ஒரு காலத்தில் அந்தப் பிரதேசம் முழுவதும் ஏரியும் வயலும் தோப்புமாக இருந்தது. கோடையில் வறண்ட ஏரிப் படுகையைவிட நல்ல இறங்குமிடம் கிடையாது. இன்று வயல்களெல்லாம் வீடுகளாகிவிட்டன. ஏரிகளின் ஓரங்களிலும் வீடுகள் வந்துவிட்டன. வீட்டின் மொட்டைமாடியில் வடகம் உலர்த்தலாமே தவிர விமானத்தை இறக்க முடியாது. ஆகையால், ஓட்டுகிறவன் எந்தப் பாதையில் பறக்கிறோம், இப்போது எஞ்சின் நின்றால் எங்கே இறங்குவோம் என்பதை நிமிஷத்துக்கு நிமிஷம் மனத்தில் வைத்துக்கொண்டே போகவேண்டும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. தரையை விட்டுக் கிளம்பி நாலைந்து நூறு அடி ஏறியதும் எஞ்சின் நின்றால், பின்னால் ஓடுபாதை இருக்கிறதே என்று திரும்பத்தான் மனம் சொல்லும். திரும்புவதற்கு உயரம் போதாது. வேகம் குறைந்த நிலையில் வெடுக்கென்று திருப்பினால் இறக்கை தாங்கும் சக்தியை இழந்து விமானம் குப்புற விழுந்துவிடும். இப்படி இறந்தவர்கள் உலகமெங்கும் உண்டு. மூக்கைத் தாழ்த்தி, எதிரே கிடைத்த இடத்தில் நேராக இறங்குவதே உயிர் பிழைக்கும் வழி. வேலியில் மோதி விமானம் நொறுங்கலாம். ஆனால் ஆள் நடந்து வெளியே வரலாம். சொந்தப் பணம் போட்டு வாங்கியவனுக்கு, விமானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஆசை அந்த நேரத்தில்தான் வரும். அதுவே யமன்.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். சிறிய விமானங்களில் மனிதர்கள் மடிவது எஞ்சின் நின்றுபோவதால் மட்டும் அல்ல. எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள்.

அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த கென்னடியின் புதல்வரை வாசகர்கள் அறிவார்கள். அவர் 1999-ஆம் வருஷம் ஒரு 'பைப்பர் ஸரடோகா' விமானம் வாங்கினார். ஒற்றை எஞ்சின். 1995-ல் செய்யப்பட்டு, பிறர் உபயோகித்து விற்றது. அந்த வருஷம் ஜூலை 16-ந் தேதி இரவு, மனைவியையும் மனைவியின் சகோதரியையும் ஏற்றிக்கொண்டு கடலின்மேல் பறந்தார். மூட்டமான இரவு. வானத்துக்கும் கடலுக்கும் இடையே கோடு தெரியவில்லை. விமானம் கடலில் விழுந்து மூவரும் இறந்தார்கள். கடலடியிலிருந்து விமானத்தை எடுத்துப் பரிசோதித்ததில், விபத்துக்குக் காரணமான பழுது எதுவும் தென்படவில்லை. மேல் கீழ் தெரியாமல் ஓட்டியவர் திசை தடுமாறியதே காரணம் என்று விசாரணைக் குழுவினர் முடிவு செய்தார்கள்.

கண்ணுக்கு அடிவானம் தெரியாதபோது நம் காதும் உடம்பும் பொய் சொல்லும். விமானம் சாய்ந்து சுழன்று இறங்கிக்கொண்டிருக்கும். உட்கார்ந்திருப்பவனுக்கோ நேராகப் போவதுபோல் தோன்றும். 1954-ல் அமெரிக்காவில் இல்லினாய் சர்வகலாசாலையில் இதைச் சோதித்தார்கள். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பயிலாத இருபது பேரை மேகத்துக்குள் இருப்பதுபோன்ற நிலையில் ஓட்டவிட்டார்கள். ஒருவர் தவறாமல் எல்லோரும் விமானத்தைக் கட்டுக்கடங்காமல் விட்டுவிட்டார்கள். அதற்குச் சராசரியாக ஆன காலம் 178 வினாடி. மூன்று நிமிஷங்கூட இல்லை! நம் வீட்டில் ஒரு தம்ளர் காப்பி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

சென்னை வாசிகளுக்கு மேகமும் மூட்டமும் புதிதா? ஐப்பசியில் அடைமழை. தை பிறக்கும் முன்பாகப் பனி. போதாததற்குப் போகிப் பண்டிகை வேறு. 2018-ஆம் வருஷம் போகியன்று நாம் எரித்த பாயும் டயரும் கிளப்பிய புகையில், மீனம்பாக்கத்தில் பெரிய விமானங்களே இறங்கமுடியாமல் போயின. அவற்றை ஓட்டுகிறவர்கள் ஆயிரக்கணக்கான மணி அநுபவம் உள்ளவர்கள். அவர்களே பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் திரும்பிப் போனார்கள். திரும்பிப் போவதில் அவமானம் இல்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

நம் தேசத்திலும் துக்கமான உதாரணம் உண்டு. ஜோத்பூர் மகாராஜா ஹன்வந்த் ஸிங், 1952-ஆம் வருஷம் ஜனவரி 26-ந் தேதி, தம் சொந்த 'பீச்கிராப்ட் பொனான்ஸா' விமானத்தைத் தாமே ஓட்டிச் சென்றபோது அது விழுந்து மனைவியுடன் மடிந்தார். அவர் நின்ற முதல் பொதுத் தேர்தலின் முடிவு அதற்குப் பிறகுதான் வெளியாயிற்று. ஜயித்தவரோ இல்லை. செல்வமும் செல்வாக்கும் ஆகாயத்தில் செல்லுபடியாகா.

இதெல்லாம் ஓட்டுகிறவரைப் பற்றியது. இனி விமானத்தைப் பற்றிப் பார்ப்போம். "நன்றாய்ப் புதிதுபோல் இருக்கிறது, பாருங்கள்!" என்று இளைஞர் படத்தைக் காட்டினார். வெள்ளை வர்ணமும் நீலக் கோடுமாகக் கல்யாணப் பெண்ணைப்போல் ஜொலித்தது. விற்கிறவர் வர்ணம் பூசுவது இயல்பே. ஆனால் பழைய விமானத்தைப் படத்தைக் கொண்டு வாங்கக்கூடாது. லாக் புத்தகத்தைக் கொண்டுதான் வாங்கவேண்டும். பிறந்த நாள் முதல் எத்தனை மணி பறந்தது, எப்போது எதை மாற்றினார்கள், எங்கே இடித்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். அது ஜாதகத்தைப்போல் பலன் சொல்லும் புத்தகம் அல்ல. நடந்ததை மட்டும் சொல்லும் புத்தகம். இடையில் பக்கங்கள் இல்லையென்றால், அந்தப் பக்கங்களில்தான் விபத்து இருந்தது என்று வைத்துக்கொள்வது நலம்.

வயதைக் கண்டு பயப்படவேண்டியதில்லை. இந்த ஸெஸ்னா ரகம் 1956 முதல் விற்பனைக்கு வந்து இதுவரையில் நாற்பதினாயிரத்துக்கு மேல் செய்யப்பட்டிருக்கிறது. முறைப்படி பேணப்பட்ட ஐம்பது வயது விமானங்கள் இன்றும் சுகமாகப் பறக்கின்றன. ஒரு ரகம் பழையதாயிருப்பதில் லாபமும் உண்டு. அதன் குற்றங்குறைகள் எல்லாம் தெரிந்துபோயிருக்கும். டாடா ஓட்டிய அதே 'பஸ் மாத்' ரகத்தில் ஆரம்ப வருஷங்களில் சில விமானங்கள் ஆகாயத்திலேயே இறக்கை முறிந்து விழுந்தன. நிபுணர்கள் ஆராய்ந்து, தாங்கு கம்பிகளில் குறை கண்டு திருத்தினார்கள். இப்படி ஒவ்வொரு ரகத்துக்கும் திருத்த உத்தரவுகள் உண்டு. அவற்றில் ஒவ்வொன்றும் ஒருவர் உயிரைக் கொடுத்து நமக்குக் கிடைத்தது. அவை நிறைவேற்றப்பட்டனவா என்று லாக் புத்தகத்தில் வரிவரியாகப் பார்க்கவேண்டும்.

வயதைவிடக் கொடியது சும்மா கிடப்பது. இவ்வித எஞ்சினை இரண்டாயிரம் மணி ஓடியதும், அல்லது பன்னிரண்டு வருஷம் ஆனதும், முழுவதும் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும் என்று செய்தவர்களே சொல்லுகிறார்கள். மணியோடு வருஷத்தையும் ஏன் சேர்த்தார்கள்? வால்வுகளை இயக்கும் தண்டு இந்த எஞ்சினில் மேற்புறத்தில் இருக்கிறது. ஓடாமல் நின்றால் எண்ணெய் வடிந்துவிடும். ஈரக் காற்று புகுந்து துரு ஏறும். வெளியே வர்ணம் பளபளக்கும்போதே உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும். "முந்நூறு மணிதான் ஓடியிருக்கிறது" என்று விற்கிறவர் பெருமையாகச் சொன்னால், "எத்தனை வருஷத்தில்?" என்று கேட்கவேண்டும்.

நம் கடற்கரைக் காற்றுக்கு இன்னொரு குணம் உண்டு. அதிலுள்ள ஈரம் கார்புரேட்டருக்குள் குளிர்ந்து பனிக்கட்டியாக உறைந்துவிடும். வெளியே வெயில் கொளுத்தும்போதே இது நேரும் என்றால் நம்புவது கடினம். ஆயினும் உண்மை. பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே வெப்பம் இருபது டிகிரிக்கு மேலும் குறைந்துவிடக்கூடும். எஞ்சின் மெள்ள மெள்ள மூச்சுத் திணறும். உடனே உஷ்ணக் காற்றை உள்ளே விடும் பிடியை இழுக்கவேண்டும். அதுபோலவே ஒவ்வொரு முறை கிளம்புமுன்பும் தொட்டியின் அடியிலிருந்து சிறிது பெட்ரோலை வடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். முள்ளை நம்பாமல் தொட்டிக்குள் குச்சியை விட்டு அளக்கவும் வேண்டும். நம் வீட்டு ஸ்திரீகள் மண்ணெண்ணெய் டப்பாவை ஆட்டிப் பார்த்துத்தான் அடுப்புப் பற்றவைத்தார்கள். ஆனால் பெட்ரோல் தீர்ந்து விழுந்த விமானங்களின் ஜாபிதா நீளமானது.

முன்யோசனை என்பதற்கு 1930-ல் நடந்த ஒரு சம்பவம் நினைவுக்கு வருகிறது. இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறக்கும் இந்தியருக்கு ஆகாகான் ஒரு பரிசு அறிவித்திருந்தார். ஆஸ்பி எஞ்சினியர் என்ற வாலிபர் இங்கிலாந்திலிருந்தும், டாடா கராச்சியிலிருந்தும் கிளம்பினார்கள். எகிப்து தேசத்தில் அபூகீர் என்னுமிடத்தில் டாடா இறங்கியபோது, மாற்று ஸ்பார்க் பிளக் இல்லாமல் ஆஸ்பி அங்கே தவித்துக்கொண்டிருந்தார். தம்மிடமிருந்த உபரிப் பிளக்கை டாடா அவருக்குக் கொடுத்தார். ஆஸ்பி பறந்து போய்ப் பரிசையும் வென்றார்! பிற்பாடு அவர் இந்திய விமானப் படையின் தலைவராகவும் ஆனார். டாடாவின் பெருந்தன்மையை எல்லோரும் புகழ்கிறோம், அது நியாயந்தான். அவருடைய பெட்டியில் உபரிப் பிளக் இருந்தது என்பதையும் கவனிக்கவேண்டும். எதிராளிக்குக் கொடுக்கக்கூடிய அளவு முன்ஜாக்கிரதை அவரிடம் இருந்தது.

இனி, விமானத்தை எங்கே நிறுத்துவது? ஆவடியில் விமானப் படையின் நிலையம் உண்டு. தனியாருக்கு அங்கே இடமில்லை. அம்பத்தூருக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாவது மகா யுத்த காலத்தில் போட்ட ஓடுபாதை ஒன்று இருந்தது. யுத்தம் முடிந்தபின் அதில் மோட்டார்ப் பந்தயம் விட்டார்கள். 1990-ல் பூந்தமல்லிக்கு அப்பால் இருங்காட்டுக்கோட்டையில் புதுப் பந்தயப் பாதை வந்துவிட்டது. மீனம்பாக்கத்திலோ பெரிய விமானங்களின் நெரிசல். ஆகவே அம்பத்தூர்க்காரர் தம் விமானத்தை வெகு தூரத்தில் எங்கேயாவது நிறுத்தவேண்டும். தூரத்தில் நின்றால் அடிக்கடி பறக்கமாட்டார். பறக்காவிட்டால் எஞ்சினில் துரு ஏறும். ஓட்டுகிறவர் கையிலும் துரு ஏறும். இடவசதி என்பது சௌகரியத்தைப் பற்றிய விஷயம் மட்டும் அல்ல, உயிரைப் பற்றிய விஷயம் என்பது இதனால் விளங்கும்.

இந்தக் குறை தனி மனிதருடையதல்ல, தேசத்தினுடையது. 1958-ல் நம் பெங்களூரில் 'புஷ்பக்' என்ற சிறு விமானத்தைச் செய்து, தேசத்திலுள்ள பறக்கும் சங்கங்களுக்குக் கொடுத்தோம். எத்தனையோ வாலிபர்கள் அதில் கற்றார்கள். பிறகு அது நின்றுபோயிற்று. 1993-ல் 'ஹன்ஸா' பறந்தது. அதன் புதிய வடிவம் 2021-ல் பறந்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த விமானப் பெட்ரோலை 2022 முதல் வடோதராவில் நாமே செய்கிறோம். இவையெல்லாம் சந்தோஷமான சமாசாரங்கள். இத்துடன் ஜில்லாவுக்கு ஒரு சிறு ஓடுபாதையும், அதன் ஓரத்தில் ஒரு கொட்டகையும், நல்ல பழுது பார்ப்பவர்களும் சேர்ந்தால், பறப்பது பணக்காரர் விளையாட்டு என்ற பேச்சு மறைந்துவிடும், ஆபத்தும் குறையும்.

நிற்க. நாம் இளைஞரிடம் ஒரே ஒரு யோசனை சொன்னோம். விற்கிறவருக்கு யாதொரு சம்பந்தமும் இல்லாத, லைசென்சு பெற்ற ஒரு எஞ்சினியரை அனுப்பி, எஞ்சினில் ஒரு சிலிண்டரையாவது கழற்றிப் பார்க்கச் சொல்லும்படி கேட்டுக்கொண்டோம். செலவாகுமே என்று அவர் தயங்கினார். பூந்தமல்லி மனையின் விலையை நினைவூட்டினோம். ஒப்புக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து நாமே அம்பத்தூருக்குப் போனோம். எஞ்சினியரின் அறிக்கை வந்திருந்தது. கடந்த நாலு வருஷத்தில் அந்த விமானம் பறந்தது மொத்தம் பதினோரு மணி. தண்டில் துரு. இடது இறக்கையின் வேரில் பழைய ஒட்டு ஒன்று இருந்தது. லாக் புத்தகத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அதன்மேல்தான் அந்த அழகான வர்ணம்.

இளைஞர் வாடிய முகத்துடன் உட்கார்ந்திருந்தார். "இந்த விமானம் வேண்டாம். ஆனால் ஆசை போகவில்லை, ஐயா" என்றார். ஆசை போகவேண்டும் என்று நாமும் சொல்லவில்லை.

அப்போது காப்பி கொண்டுவந்த அவருடைய மனைவி, நம் நண்பரைப் பார்த்துப் பேசினாள்:

"மாமா, எனக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. இவரிடம் ஒன்றே ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். குழந்தை பெட்டியை எடுத்துக்கொண்டு தயாராய் நிற்பாள். மதுரையில் எல்லோரும் காத்துக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு மேகம் போட்டிருந்தால், 'இன்று போகவில்லை' என்று இவர் சொல்வாரா?"

இளைஞர் வெகுநேரம் பதில் சொல்லவில்லை. நாம் இத்தனை நாள் படித்தும் கேட்டும் திரட்டிய விஷயங்களின் சாரம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருந்தது.

கடைசியில் அவர் எழுந்து ஒரு காகிதத்தை எடுத்து எழுதினார். மேகம் இவ்வளவு தாழ்ந்திருந்தால் கிளம்புவதில்லை. காற்று இவ்வளவுக்கு மேல் வீசினால் கிளம்புவதில்லை. சூரியாஸ்தமனத்துக்குப் பிறகு இல்லை. இரவு தூக்கமில்லையானால் இல்லை. ஒரு மாதம் பறக்காமலிருந்தால், ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் இல்லை. தரையில், நிதானமாக, காப்பி குடித்துக்கொண்டு எழுதிய நிபந்தனைகள். தேர்ந்த விமானிகள் பலர் இப்படித்தான் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்கிறார்கள். ஓடுபாதையில் நிற்கும்போது யோசித்தால் ஆசைதான் ஜயிக்கும்.

எழுதிய காகிதத்தை அவர் மனைவியிடம் கொடுத்தார். அவள் அதைக் கூடத்தில் நாள்காட்டிக்குப் பக்கத்தில் மாட்டினாள். இதில் ஒரு வரியை அடிப்பதானாலும் தன்னைக் கேட்டுத்தான் அடிக்கவேண்டும் என்றும் சொல்லிவிட்டாள்.

மனை இன்னும் பூந்தமல்லியில் பத்திரமாக இருக்கிறது. இளைஞர் தற்சமயம் பயிற்சிப் பள்ளியின் விமானத்தில் மணிக்கு இவ்வளவு என்று பணம் கட்டி, மேகத்தில் கருவிகளைப் பார்த்து ஓட்டும் வித்தையைக் கற்று வருகிறார். வேறு விமானம் ஒன்று பார்த்துக்கொண்டும் இருக்கிறாராம். நம் நண்பர் மறுபடி நம்மிடம் வந்தபோது முன்போல் கூச்சல் போடவில்லை.

"அதன் லாக் புத்தகம் வந்திருக்கிறது. நீங்களும் ஒரு தடவை பாருங்கள்" என்றார்.